லஸ்மினியம்மா முறைத்த சுவர்கள்

பார்யோனோ ஒரு காலத்தில் லாரிகளின் பின்பலகையில் படம் வரைந்து பிழைத்தவர். ஸ்டிக்கர் கடைகள் வந்து அந்த வேலை போன பிறகு, பலகையில் செதுக்கி அச்செடுக்கத் தானாகவே கற்றுக்கொண்டார். இயந்திரம் வாங்க வசதியில்லை. மை தடவிய பலகைமேல் தாளை விரித்து, அதன்மேல் பழைய போர்வையைப் போட்டு, அவரும் மனைவி எண்டாங்கும் ஏறி நின்று மிதிப்பார்கள். பக்கத்து அறையில் குடியிருந்த எனக்கு, யாரோ கல்யாணத்துக்கு ஆடிப் பழகுவது போலக் கேட்கும்.

ஒரு படம் இருபத்தைந்தாயிரம் ருபியா. "எல்லார் வீட்டுக் கூடத்துலயும் என் படம் ஒண்ணு தொங்கணும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்தோனேசியாவின் ஜோக்ஜா நகரில், பல்கலைக்கழகச் சாலைச் சந்தையில் எருமை, எரிமலை, நெல்வயல் என்று விரித்து வைப்பார். ஜனங்கள் நின்று பார்த்து, "ரொம்ப நல்லாருக்கு" என்று மனதாரச் சொல்லிவிட்டு, பக்கத்தில் காலுறை வாங்கிக்கொண்டு போவார்கள்.

எதிர்வீட்டு லஸ்மினியம்மா, வெந்த கீரைமேல் வேர்க்கடலைக் குழம்பு ஊற்றித் தரும் பெச்செல் கடைக்காரி. ஒருநாள் பார்யோனோ மை கழுவிய தண்ணீர் அவள் வாசலுக்கு ஓடிவிட்டது. இடுப்பில் கை வைத்து முறைத்தாள், அவ்வளவுதான். அந்த முறைப்பு பார்யோனோவைத் தூங்கவிடவில்லை. விடிந்ததும் அதை அப்படியே பலகையில் செதுக்கினார்.

அதைச் சந்தையில் வாங்கியவர் மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் கியார்த்தோ. பத்து நாள் கழித்துத் தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்தார்.

"அண்ணே, அந்தப் பொம்பளை படம் இன்னும் பத்து வேணும்."

பார்யோனோ அவசரமாகப் பாயை விரித்து உட்காரச் சொன்னார். "கூடத்துல மாட்டியிருக்கீங்களா?"

"கூடத்துலயா? கடைக்குப் பின்னாடி சுவர்ல ஒட்டியிருக்கேன். பதினஞ்சு வருஷமா ஊரே அங்கதான் ஒண்ணுக்குப் போகும். எச்சரிக்கை எழுதினேன், முள்ளு வச்சேன். ஒருத்தனும் கேக்கல. இந்தம்மாவ ஒட்டினேன். சுவரு காஞ்சு போச்சு!"

பார்யோனோவுக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. எண்டாங்தான், "பத்து இல்ல, இருபதா எடுத்துக்கோங்க, மழையில கிழியும்" என்றாள்.

மூன்று மாதத்தில் ஊரின் முட்டுச்சந்துகளிலெல்லாம் லஸ்மினியம்மா முறைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மட்டும் தெரியாது. ஒருநாள் கடலை வாங்கப் போனவள், ஒரு சந்தில் சுவரோரம் நின்ற ஆளைக் கடந்தாள். திரும்பிப் பார்த்த அவன், "ஐயோ, நெஜமாவே வந்துட்டாங்க! மன்னிச்சிடுங்கம்மா!" என்று கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடினான். சுவரைப் பார்த்தாள். வரிசையாகப் பதின்மூன்று லஸ்மினியம்மாக்கள்.

நேரே பார்யோனோ வீட்டுக்கு வந்தாள். எண்டாங் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"ஏம்பா பார்யோனோ, என் மச்சம் எந்தக் கன்னத்துல இருக்கு?"

"வலது கன்னத்துலக்கா."

"படத்துல?"

அவர் படத்தை எடுத்துப் பார்த்தார். இடது கன்னம். பலகையில் செதுக்கினால் தாளில் இடவலம் மாறி விழும். லாரி ஓவியருக்கு அது உறைக்கவே இல்லை.

"ஊரு பூரா ஒட்டுறே, ஒழுங்கா ஒட்ட வேணாமா? பாக்குறவன் யாரோன்னு நெனச்சுக்கப் போறான். நாளைக்கு வரேன், சரியா வரை."

மறுநாள் பட்டுக் கெபாயாச் சட்டை, உதட்டுச்சாயம், மல்லிகை என்று வந்து உட்கார்ந்தாள். முறைக்கச் சொன்னால் பல் தெரியச் சிரித்தாள். பார்யோனோ மச்சத்தைச் சரியான கன்னத்தில் வைத்து, சிரிப்போடு செதுக்கினார். அதை வாங்கி ஒட்டிய வாடிக்கையாளர்கள் ஒரு வாரத்தில் படையெடுத்து வந்தார்கள்.

"என்னண்ணே இது? வாங்க வாங்கன்னு கூப்பிடுற மாதிரி இருக்கு! முன்னைவிட அதிகமாப் போறானுங்க!"

முறைக்கும் பழைய பலகையை லஸ்மினியம்மா அன்றைக்கே எடுத்துப் போயிருந்தாள். கொத்தி அடுப்பிலும் வைத்துவிட்டாள். பழைய தாளைப் பார்த்துச் செதுக்கினால் அந்த முறைப்பு வரவே இல்லை; அவளைத் திரும்பக் கோபப்படுத்தியாக வேண்டும். பார்யோனோ வேண்டுமென்றே மைத் தண்ணீரை அவள் வாசலில் கொட்டினார். "பரவால்லப்பா, காஞ்சிடும்" என்றாள். படத்தால் கடையில் கூட்டம் கூடியிருந்தது. அவளுக்குக் கோபமே வரவில்லை. நான்கு நாள் பார்யோனோ சோறு இறங்காமல் திரிந்தார். ஐந்தாம் நாள் எண்டாங் அவள் கடைக்குப் போய், ஒரு வாய் தின்றுவிட்டு, "அக்கா, குழம்பு கடையில வாங்கின பாக்கெட்டா?" என்று கேட்டாள்.

திரும்பியது அந்த முறைப்பு. மரத்தடியில் ஒளிந்திருந்த பார்யோனோ மளமளவென்று வரைந்துகொண்டார்.

இன்றும் அந்தப் படம்தான் அவருக்குச் சோறு போடுகிறது. எண்டாங்கோடு லஸ்மினியம்மா ஏழு மாதம் பேசவில்லை. மிஞ்சிக் கிடந்த சிரிப்புப் படத்தில் ஒன்றை, போன வாரம் ஒரு பள்ளி ஆசிரியை வாங்க வந்தார்.

"எந்தச் சுவருக்கும்மா?" என்று பார்யோனோ அலுப்போடு கேட்டார். "வெளியில ஒட்ட இது சரிப்படாது, முறைக்கிறதுதான் நல்லது."

"வெளியில எதுக்கு? வீட்டுக் கூடத்துல, சாப்பிடுற இடத்துல மாட்டப் போறேன். இவங்களப் பாத்தா இன்னும் ஒரு கரண்டி வச்சுக்கத் தோணுது" என்றார் அவர்.

பார்யோனோ காசு வாங்க மறந்து, தாளைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு, தெருமுனை வரை அவர் பின்னாலேயே நடந்து போனார்.