நான் அழாத படம்

அந்த விருதில் பாதி தனக்குச் சேரவேண்டியது என்று என் மாமா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மத்திய அரசு ஒரு மலையாளப் படத்துக்குக் கொடுத்த விருது அது. மாமாவுக்கு மலையாளத்தில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. ஆனாலும் எங்கள் மண்ணூர்பேட்டையில் யாரும் அவரை மறுத்துப் பேசியதில்லை. படத்தில் வருகிற வீடு எங்கள் வீடு. அந்த வீட்டுக்குள் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பெண் நான்.

படம் எடுத்தவரை நான் டைம் ஆபீஸ் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அப்பாவும் மாமாவும் வேலை பார்த்த கம்பெனியில் அவர் டைம் ஆபீஸ் குமாஸ்தா. கேட்டுக்குப் பக்கத்தில் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, யார் எப்போது உள்ளே போனார்கள், எப்போது வெளியே வந்தார்கள் என்று எழுதுவார். சங்கு ஊதிய பிறகு மூச்சு வாங்க ஓடிவருகிறவனைப் பார்த்தால் பேனாவைத் துடைக்கிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்துகொள்வாராம். சினிமா எடுக்கவேண்டும் என்று கேரளத்திலிருந்து ரயிலேறி வந்த மனிதர், வயிற்றுக்காக அந்த ஜன்னலில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோடம்பாக்கம் போய் யாராவது ஒரு டைரக்டருக்குக் கையாளாக நின்றுவிட்டு வருவார். ஆறேழு வருடம் இப்படி ஓடியது. ஒருநாள் வேலையை விட்டார். இரண்டு மாதம் கழித்து எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

ஊரைவிட்டு வந்து மெட்ராஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு மலையாளியின் கதைதான் அவர் எடுக்க வந்த படம். அந்த மனிதன் மிஷினில் அடிபட்டு இறந்துவிடுகிறான். அவனுடைய சோற்றுத் தூக்குச் சட்டியை ஒரு கூட்டாளி வீட்டுக்குக் கொண்டுவருகிறான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மகள் அதைப் பார்த்து அழவேண்டும். மகளாக நடிக்கவேண்டிய குழந்தைக்குக் கோடம்பாக்கத்தில் அம்மை போட்டிருந்தது. கேமராவோ அன்று ஒருநாளைக்குத்தான் கிடைத்திருந்தது. அண்ணன் சுற்றும்முற்றும் பார்த்தார். கதவுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, தட்டுக்கு முன்னால் உட்காரவைத்தார். வசனம் எதுவும் கிடையாது, அழுதால் போதும் என்றார்.

நான் அழவில்லை. வெள்ளித்தாள் ஒட்டிய பலகையிலிருந்து வெளிச்சம் முகத்தில் அடிக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்தது. தூக்குச் சட்டியோடு உள்ளே வரும் நடிகர் ஒவ்வொரு தடவையும் செருப்பைக் கழற்றி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார். அதைப் பார்த்தால் இன்னும் சிரிப்பு. பிலிம் தீர்ந்துகொண்டே வந்தது. கேமராக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். அண்ணன் மட்டும் கோபப்படவில்லை. "இன்னொரு வட்டம் பார்க்கலாம், மோளே" என்பார். அப்படி மூன்று தடவையோ நான்கு தடவையோ ஆனது.

அப்போதுதான் மாமா வந்தார். அன்று அவருக்குப் பகல் ஷிப்ட் இல்லை. காலையிலிருந்து வாசலில் கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தவர், கேமராக்காரர் காதில் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் தெருமுனையிலிருந்து தலைதெறிக்க ஓடிவந்தார்.

"இன்னாமே இங்க குந்திகினு துன்னுகினு கீற! உங்கப்பன் கை மிஷின்ல மாட்டிக்கிச்சாம்!"

நான் போட்ட கூச்சல் கொரட்டூர் ஏரிவரை கேட்டிருக்கும். அடுப்படியிலிருந்து அம்மா வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. சட்டென்று அண்ணன் பாய்ந்து கேமராவின் கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

"நிறுத்து! இத நான் எடுக்கமாட்டேன்" என்று கத்தினார். அவர் கத்தி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

மாமா பல்லைக் காட்டினார். "இன்னா சேட்டா, கொயந்த அயுவணும்னுதான சொன்னேன். சும்மா வுட்டேன்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அம்மா அவர் கன்னத்தில் ஒன்று வைத்தாள். தம்பி என்றுகூடப் பார்க்கவில்லை. 'சும்மா' என்பது எல்லார் காதிலும் விழுந்தது, என் காதில் மட்டும் விழவில்லை. அப்பா கை, அப்பா கை என்று தேம்பிக்கொண்டிருந்தேன். பொய்தான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் நம்பவில்லை.

அண்ணன் என்னைத் தூக்கினார். வாசலில் நின்ற யாருடைய சைக்கிளையோ எடுத்து, முன்கம்பியில் என்னை உட்காரவைத்தார். வெயில் இறங்கிவிடும், வெளிச்சம் போய்விடும் என்று கேமராக்காரர் பின்னாலேயே ஓடிவந்து கெஞ்சினார். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. எஸ்டேட் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே அவர் மிதித்த மிதிக்கு என் பாவாடை படபடவென்று அடித்துக்கொண்டது. கம்பெனி கேட்டில், முன்பு தான் உட்கார்ந்திருந்த அதே ஜன்னலுக்கு வெளியே நின்று, அப்பாவை வெளியே அனுப்பச் சொன்னார்.

அப்பா கைத்துண்டில் கிரீசைத் துடைத்தபடி வந்தார்.

"ரெண்டு கையும் நீட்டுப்பா. மோளு பார்க்கட்டும்" என்றார் அண்ணன்.

நான் ஒவ்வொரு விரலாகத் தொட்டு எண்ணினேன். பத்தும் இருந்தன. நடந்ததை அண்ணன் சொன்னதும் அப்பா சிரித்தார். "அவன் கெடக்கறான் வுடு. ஊட்ல அடுப்பு முச்சூடும் சினிமாக்காரங்க கைல கீது போல. எனுக்கு இன்னும் சோறு வரல. போய் உங்கம்மாகிட்ட சொல்லி ஒரு வாய் சோறு அனுப்பு கண்ணு" என்றார்.

நாங்கள் திரும்பியபோது வாசல் வெயில் சுவரில் பாதிக்கு ஏறியிருந்தது. மிச்சமிருந்த பிலிம் ஒரே ஒரு தடவைக்குத்தான் வரும் என்றார் கேமராக்காரர். அண்ணன் என் முகத்தைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார். அழச் சொல்லவில்லை. "உனக்கு என்ன தோணுதோ அத செய், மோளே" என்று மட்டும் சொன்னார்.

கேமரா ஓடியது. நடிகர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார். தூக்குச் சட்டியை என் முன்னால் வைத்தார். எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. நல்ல பசி. அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். பாதியில் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. தூக்குச் சட்டியைத் திறந்து பார்த்தேன், காலியாக இருந்தது. தட்டிலிருந்த சோற்றில் பாதியை அதற்குள் தள்ளினேன். குழம்புமீனில் முள் இல்லாத துண்டாகப் பார்த்து மேலே வைத்தேன். மூடியை அழுத்தி மூடினேன். எதிரே நின்ற நடிகரிடம் அதை நீட்டி, எடுத்துக்கொண்டு போங்கள் என்று கண்ணைக் காட்டினேன்.

அவர் வாங்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவருக்கு உதடு கோணியது. அப்படியே சுவரில் சாய்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேமராவுக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. பிலிம் தீர்ந்துவிட்டது.

அழச் சொன்ன இடத்தில் சோறு கட்டிவிட்டேனே, எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனே என்று எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் என்னிடமிருந்து தூக்குச் சட்டியை வாங்கிக்கொண்டார். மறுபடி அதே சைக்கிளில் ஏறினார். அன்று அப்பா சாப்பிட்டது அந்தச் சோற்றைத்தான்.

அடுத்த வருடம் விருது செய்தி வந்தது. பேப்பரில் அண்ணன் படம் சின்னதாகப் போட்டிருந்தார்கள். டைம் ஆபீஸ் ஜன்னலில் அதை ஒட்டிவைத்தார்கள் என்று அப்பா சொன்னார். எங்கள் தாத்தா நாற்று நட்ட வயலுக்குச் சொந்தக்காரர், எங்கள் தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்காதவர், எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினார். "சினிமாவுல வர்றது உம் பொண்ணாமே?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா உட்காருங்கள் என்று நாற்காலி போட்டார். அவர் உட்கார்ந்தார். மாமா அதற்குள் எஸ்டேட் முழுக்கத் தன் தந்திரத்தைப் பரப்பியிருந்தார். தான் ஓடிவந்ததால்தான் குழந்தைக்கு நடிப்பு வந்தது என்று அதற்கு விளக்கமும் வைத்திருந்தார்.

அண்ணன் பிறகு கேரளத்துக்கே போய்விட்டார். எத்தனையோ படங்கள், எத்தனையோ விருதுகள், வெளிநாட்டு விழாக்கள். தொழிலை எங்கே கற்றீர்கள் என்று யார் கேட்டாலும் அம்பத்தூரில் ஒரு கம்பெனி வாசலில் என்று சொல்வாராம். ஜனாதிபதி கையால் விருது வாங்கும் போட்டோ ஒன்றை எங்களுக்கு அனுப்பியிருந்தார். சட்டம் போட்டு மாட்டினோம். இப்போதும் என் வீட்டில் இருக்கிறது. வருகிறவர்களிடம் நானாக அதைக் காட்டாமல் இருந்ததில்லை.

அந்த முதல் படத்தை மெட்ராசில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியாகப் போட்டார்கள். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். மாமா பவுடர் பூசிக்கொண்டார். தியேட்டர் முழுக்க மலையாளிகள். எங்கள் வீடு திரையில் வந்ததும் மாமா விசிலடித்தார், நாலு பேர் திரும்பி முறைத்தார்கள்.

பிறகு நான் வந்தேன். தியேட்டர் அளவுக்குப் பெரிய நான், பெரிய பெரிய கவளமாகச் சாப்பிட்டேன். தூக்குச் சட்டியைத் திறந்தேன். மீன் துண்டை எடுத்து வைத்தேன். முன்வரிசையில் ஒரு பெண் விம்மினாள். அடுத்து இன்னொருத்தி. மூடியை அழுத்தி மூடியபோது தியேட்டரில் பாதிப் பேர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். நான் கெடுத்துவைத்த இடம் இப்படி ஊரறியத் தெரிகிறதே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

"எம்மா, இன்னாத்துக்கு அயறாங்க? அப்பாவுக்குச் சோறுதான வெச்சேன்?" என்று கேட்டேன்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தாள். அவள் முகமும் நனைந்திருந்தது. அப்பாதான் இதோ நன்றாக உட்கார்ந்திருக்கிறாரே, இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு அன்று புரியவே இல்லை.