வலது காலில் கியர்

எங்கள் அப்பாவுக்குத் தெருவில் 'சுவரு' என்று பெயர். பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர், தன் மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய் அதே பள்ளிக்கூடத்துச் சுவரில் மோதினார் என்று வந்த பெயர். நான் 'சுவரு பொண்ணு'. கணக்கு வாத்தியார்கூட ஒருமுறை அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். இன்னும் கொஞ்சம் பலமாகக் கடித்திருக்கலாம்.

மோதியதில் அப்பாவின் கால் நொறுங்கியது. பஸ் வேலை போயிற்று. அந்த வேலை அவர் தம்பிக்குக் கிடைத்தது. சித்தப்பா அப்போது அதே பஸ்ஸில் கிளீனர். விபத்தின்போது அவரும் அந்த மோட்டார் சைக்கிளில்தான் இருந்தார். "அண்ணன் ஓட்டினாரு, நான் பின்னாடி உட்கார்ந்திருந்தேன்" என்றார். அப்பாவும் "ஆமா, நான்தான்" என்றார். கதை முடிந்தது.

அதன்பிறகு அப்பா ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்தார். நொண்டிக்கொண்டே போய் நொண்டிக்கொண்டே வருவார். வந்ததும் அம்மா ஆரம்பிப்பாள். குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் அதற்குக் காரணம் அந்தச் சுவர்தான். "குடும்பத்தையே கொண்டுபோய் முட்டின மனுஷன்தானே நீங்க!" அப்பா தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார். எனக்கு அம்மாவைவிட அவர்மேல்தான் பற்றிக்கொண்டு வரும். திருப்பி ஒரு வார்த்தை பேசினால் வாய்முத்து உதிர்ந்துவிடுமா?

வண்டி பின்கட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. இங்கிலாந்தில் செய்த ஒற்றை சிலிண்டர் வண்டி. அதை யாரும் தொடக்கூடாது என்பது அப்பா போட்ட ஒரே சட்டம். நான் மெக்கானிக்காகி, சொந்தமாகப் பட்டறை வைத்த பிறகு, ஒருநாள் அவரைக் கேட்காமல் தள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

எஞ்சின் மேலிருந்த அழுக்கைச் சுரண்டி, அதில் பொறித்திருந்த நம்பரைப் படித்தேன். அந்த வண்டிக்காரர்களுக்கென்று இங்கிலாந்தில் ஒரு சங்கம் இருக்கிறது. நம்பரை அனுப்பினால், எந்த வருஷம் செய்தது, என்ன நிறம் அடித்தது, எந்தக் கப்பலில் ஏற்றியது என்று ஜாதகமே கணித்து அனுப்புகிறார்கள். இங்கே வந்த பிறகு நடந்தது வண்டியின் பழைய ஆர்.சி. புத்தகத்தில் இருந்தது: முதலில் ஒரு டாக்டர் வைத்திருந்தார். அவரிடமிருந்து ஓர் அச்சக முதலாளி. அவரிடமிருந்து அப்பா. சீமைக் கதையெல்லாம் கிடைத்துவிட்டது. எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோ செத்துக்கிடந்தது. அதன் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றினேன். கார்புரேட்டரில் எறும்பு கூடு கட்டியிருந்தது. கடைசியில் கியர் பெட்டிக்கு வந்தேன்.

இந்த வண்டிக்கு ஒரு கோணல் உண்டு. இப்போதைய வண்டிகளில் இடது காலில் கியர், வலது காலில் பிரேக். இதில் எல்லாம் தலைகீழ்: வலது காலில் கியர், இடது காலில் பிரேக். அந்த வலது பக்க கியர் லீவர் கீழே வளைந்திருந்தது. விழுந்து வளைந்திருந்தால் உள்பக்கம் மடங்கியிருக்கும். இதை யாரோ முழு எடையையும் போட்டு மிதித்திருக்கிறார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே பல் உடைந்து கிடந்தது. பிரேக் என்று நினைத்து, நிற்கவில்லையே என்று மறுபடி மறுபடி மிதித்த மிதி. கீழே மிதித்தால் இதில் அடுத்த கியர் விழும். வண்டி நிற்காது, பறக்கும்.

அப்பா அந்த வண்டியைப் பல வருஷம் ஓட்டியவர். தூக்கத்தில் எழுப்பினாலும் அவருடைய இடது கால்தான் பிரேக்குக்குப் போகும். சித்தப்பா பழகியதெல்லாம் புது வண்டி.

ஸ்பேனரைத் தூக்கி எறிந்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனேன்.

"அப்பா, அன்னைக்கு ஓட்டினது யாரு?"

"நான்தான்."

"பொய்."

"வேலையைப் பாரும்மா" என்று செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். கல்லில் நார் உரிக்கலாம், அவரிடம் ஒரு சொல் பிடுங்க முடியாது.

அதோடு நானும் விட்டிருப்பேனோ என்னவோ. அடுத்த மாதம் சித்தப்பா ஓய்வு பெற்றார். பள்ளிக்கூடத்தில் விழா எடுத்தார்கள். 'ஒரு கீறல்கூட இல்லாமல் ஓட்டியவர்' என்று சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்த சித்தப்பா, "எங்க அண்ணன் மோதினதைக் கண்ணால பார்த்தவன் நான். நிதானம்னா என்னன்னு அன்னைக்குக் கத்துக்கிட்டேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முன்வரிசையில் அப்பாவும் சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த சித்தப்பா, நான் பழுது நீக்கிக் கொண்டுவந்து வாசலில் பளபளவென்று நிறுத்தியிருந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏம்மா, நம்ம வண்டியா இது! ஏறி உட்காருறேன், ஒரு போட்டோ எடு."

நம்ம வண்டியாம்! "தாராளமா ஏறுங்க சித்தப்பா" என்றேன். திட்டம் போட்டுத்தான் செய்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

வண்டி ஸ்டாண்டில் நின்றது. பின்சக்கரம் தரையில் படாது. அவர் ஏறியதும் உதைத்துக் கிளப்பினேன். கிளட்சைப் பிடித்து முதல் கியர் போட்டு மெல்ல விட்டேன். சக்கரம் சுற்றியது. "பிரமாதம்!" என்று சித்தப்பா போட்டோவுக்குப் பல்லைக் காட்டினார். அப்பா படியில் உட்கார்ந்திருந்தார். அம்மா எல்லோருக்கும் டீ கொண்டுவந்தாள்.

"சித்தப்பா, பிரேக்! பிரேக்!" என்று அலறினேன்.

அவருடைய வலது கால் 'தட்'டென்று கீழே மிதித்தது. கியர் விழுந்து சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றியது. பயந்துபோய் மறுபடியும் மிதித்தார். மறுபடியும்.

"அது கியருடா!" அப்பா எழுந்து நின்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "இடது கால்! இடது காலுடா! அன்னைக்கும் இதையேதானடா பின்னாடியிருந்து கத்தினேன்!"

நான் எஞ்சினை அணைத்தேன்.

"அன்னைக்குன்னா என்னைக்கு?" என்றாள் அம்மா.

சித்தப்பா வண்டியை விட்டு இறங்கினார். "அண்ணே, நீங்கதானே வாயைத் திறக்காதேன்னு சொன்னீங்க..."

"சொன்னாரு. மைக்கைப் பிடிச்சு ஊரைச் சிரிக்க வைக்கவும் அவர்தான் சொன்னாரா?" என்றேன்.

அப்பா திரும்பப் படியில் உட்கார்ந்தார். "என் கால் போச்சு. இனி எனக்கு பஸ் இல்லைன்னு அங்கேயே தெரிஞ்சுபோச்சு. மோதினது அவன்னு தெரிஞ்சா அவனுக்கும் பஸ் கொடுக்கமாட்டாங்க. அவன் பொழப்பும் எதுக்குக் கெடணும்?"

"கால் போனா போகட்டும். உங்க பேரு ஏம்ப்பா போகணும்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார். அம்மா டீத் தட்டைத் தரையில் வைத்தாள். சித்தப்பா பக்கமே அவள் திரும்பவில்லை. நேரே அப்பாவிடம் போய் நின்றாள்.

"என்கிட்டகூடச் சொல்லலையே! இத்தனை வருஷமா நான் திட்டினதை எல்லாம் இப்ப யாருங்க வாங்கிக்குவா?"

அவள் அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.