கிளினிக்கைச் சுற்றி நடந்தவள்

போன வருடம் தீபாவளி முடிந்து மழை பிடித்திருந்த நேரம். கிள்ளான் ரயில் நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் ஒரு கடைவரிசையில் நடந்தது இது. விபத்தோ திருட்டோ ஒன்றுமில்லை. ஆனாலும் யாராவது என்னிடம், "எப்படிக்கா விடாம தினமும் நடக்கிறீங்க?" என்று கேட்டால் எனக்கு அந்தச் சாயங்காலம்தான் ஞாபகம் வரும்.

நான் ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகக் கட்டடத்தின் கேண்டீனில் சமையல் வேலை. இருட்டோடு கிள்ளானில் ரயில் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவேன். கணவர் தவறிவிட்டார். படிவம் மூன்று படிக்கிற, பதினைந்து வயது ஒரே மகள். இது போதாதென்று நான் பெரிய பயந்தாங்கொள்ளி வேறு. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் மகளுக்குப் போன் போடுவேன். மகள் போனை எடுக்காவிட்டால், அவள் குளித்து முடிப்பதற்குள் நான் மனசுக்குள் போலீஸ் நிலையம் வரைக்கும் போய் அழுதுவிட்டு வந்திருப்பேன்.

இப்படிப்பட்டவளுக்கு ரத்த அழுத்தம் ஏறாமல் என்ன செய்யும்? அரசாங்க கிளினிக்கில் பார்த்தபோது அழுத்தம் கூடியிருந்தது, சர்க்கரையும் எல்லையில் நின்றது. டாக்டர் சின்னப் பெண், நம்ம பெண்தான்.

"மருந்து தரேன் ஆன்டி. ஆனா மருந்து மட்டும் பத்தாது. தினமும் அரை மணி நேரம் நடக்கணும்."

"நடக்கும்போது ஏதாவது ஆயிட்டா டாக்டர்?"

"நடக்காம இருந்து ஏதாவது ஆயிட்டா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அதற்குக் காரணம் இருந்தது. என் அண்ணன் அம்பாங்கில் இருந்தார். தினமும் காலையில் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் நடப்பார். ஒரு நாள் நடுவில் முடியாமல் போய் பெஞ்சில் சாய்ந்திருக்கிறார். அந்தப் பக்கம் எத்தனையோ பேர் நடந்து போயிருக்கிறார்கள். யாரோ ஓய்வெடுக்கிறார் என்று நினைத்து ஒருவர்கூட எழுப்பவில்லை. வெயில் ஏறியும் ஆள் அசையவில்லை என்ற பிறகுதான் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறார்கள். அண்ணன் போனதைவிட, அத்தனை பேர் நடுவில் யாருக்கும் தெரியாமல் போனார் என்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. எனக்கும் அப்படி ஆனால் என் மகளுக்கு யார் இருக்கிறார்கள்?

நடக்கவும் பயம், நடக்காமல் இருக்கவும் பயம். நாலைந்து நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்குப் போகும் வழியில் அந்தக் கடைவரிசை இருக்கிறது. நடுவில் ஒரு தனியார் கிளினிக். ஒரு கோடியில் ஹார்ட்வேர் கடை, மறுகோடியில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் உணவுக்கடை, பின்னால் ஒரு சந்து. அந்த வரிசையையே சுற்றிச் சுற்றி நடப்பது என்று முடிவு செய்தேன். விழுந்தாலும் டாக்டர் வாசலில் விழலாம் இல்லையா?

மகளிடம் சொன்னபோது அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ம்மா, எல்லாரும் பார்க்குக்குப் போவாங்க. நீங்க கிளினிக்குக்கா?"

"நீ பேசாம படி."

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். கேண்டீன் சீருடையோடு, கழுத்தில் வேலை அட்டையோடு, கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஹார்ட்வேர் கடை முன்னால் போகும்போது சுவர் ஓரமாகப் போவேன். கிளினிக் வந்ததும், உள்ளே விளக்கு எரிகிறதா என்று தூரத்திலிருந்தே பார்த்துக்கொள்வேன். எரிந்தால் மனசுக்கு ஒரு தெம்பு. கதவுக்குக் கிட்டே மட்டும் போக மாட்டேன். மருந்து வாசனை பட்டாலே எனக்கு அழுத்தம் ஏறும்.

ஹார்ட்வேர் கடைக்காரர் ஒரு சீனப் பெரியவர். என்னைக் கண்டாலே அவர் முகம் மாறும். நடைபாதையில் அடுக்கியிருக்கும் வாளி, துடைப்பம், ஏணி எல்லாவற்றையும் அவசர அவசரமாக உள்ளே இழுப்பார். நான் மறுபடி சுற்றி வரும்போது எல்லாம் திரும்ப வெளியே வந்திருக்கும். என்னைப் பார்த்ததும் மறுபடி உள்ளே போகும். என்னைத் திருடி என்று நினைக்கிறார் என்று எனக்கு ஒரே அவமானம். வேறு இடம் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் வேறு இடத்தில் கிளினிக் இல்லையே.

ஒரு நாள் அவர் பொறுமை போய்விட்டது. கையெடுத்துக் கும்பிடாத குறையாக வழியை மறித்து, மேடம் என்பதை மலாயில் சொல்லிக் கூப்பிட்டார்.

"புவான், பாருங்க, எல்லாத்தையும் உள்ள எடுத்துட்டேன். சம்மன் மட்டும் எழுதாதீங்க லா."

நல்ல தமிழ்! நான் அசந்துபோனேன். "என்ன சம்மன் அங்கிள்? நான் நடக்க வந்தவ."

"நடக்கவா? அப்ப நீங்க மஜ்லிஸ் ஆபீசர் இல்லையா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. என் கருநீலச் சட்டையையும் கழுத்து அட்டையையும் பார்த்து, நடைபாதையில் சாமான் வைப்பவர்களுக்கு அபராதம் போட வந்த மாநகர் மன்ற அதிகாரி என்று நினைத்திருக்கிறார்.

"நான் கேண்டீன்ல மீன் பொரிக்கிறவ அங்கிள்."

அவர் கிட்டே வந்து என் கழுத்து அட்டையைப் படித்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், மாமாக் கடையில் தே தாரிக் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

"ஐயோ தங்கச்சி! இத்தனை நாளா வாளியைத் தூக்கித் தூக்கி என் இடுப்பு போச்சு. இது உனக்கு எக்சர்சைசா, எனக்கு எக்சர்சைசா?"

"நான் அப்பவே சொன்னேன் தவுக்கே, அக்கா கையில சம்மன் புத்தகமே இல்லைன்னு," என்றார் மாமாக் கடைக்காரர். அவர் ராமநாதபுரத்திலிருந்து வேலைக்கு வந்தவர், கடை முதலாளிகளை இங்கத்திய வழக்கப்படி தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்.

"நீ எப்படா சொன்ன? அதிகாரி வராங்கன்னு நாற்காலியை இழுத்தவன்தானே நீ!"

பெரியவர் ஒரு தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகனாம். நம்ம பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்தவர், அதனால்தான் அந்தத் தமிழ். அன்றிலிருந்து அவர் வாளிகளை இழுக்கவில்லை. போகும்போது ஒரு தலையசைப்பு, "மழை வரும் போல தங்கச்சி" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நான் ஏன் அங்கே நடக்கிறேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இப்படிச் சில மாதங்கள் ஓடின. அந்தச் சாயங்காலம் மழை விட்டிருந்தது. மதியம் கேண்டீனில், கூட வேலை செய்யும் ஒருத்தி, யாரோ ஒருவர் பூப்பந்து ஆடும்போதே மயங்கி விழுந்து இறந்துபோன கதையைச் சொல்லிவிட்டாள். ரயிலில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. நடக்காமல் வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். பழகின கால் கேட்கவில்லை.

முதல் சுற்று சரியாகத்தான் போனது. இரண்டாவது சுற்றில் மாமாக் கடையைத் தாண்டிப் பின்சந்துக்குள் திரும்பியதும் நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல்கள் மரத்துப்போயின. மூச்சை இழுத்தால் பாதியில் நின்றது. சரி, வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்போது என் மனசில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். இந்தச் சந்தில் விழக்கூடாது, ஆள் பார்க்கிற இடத்தில் விழவேண்டும். வந்த வழியே திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டே முன்பக்கம் வந்து, அத்தனை மாதமாக நான் தொடாத அந்தக் கதவைத் தள்ளினேன்.

உள்ளே ஒரு மலாய்ப் பெண் மட்டும் இருந்தாள். டாக்டர் எங்கே என்று மலாயில் கேட்டேன். இல்லை அக்கா, எட்டு மணிக்குத்தான் வருவார் என்றாள். எங்கே போனார் என்றேன். தினமும் இந்த நேரம் வீட்டுக்குச் சாப்பிடப் போவாரே, கதவில் எழுதியிருக்கிறதே என்றாள் பாவம்.

திரும்பிப் பார்த்தேன். எழுதித்தான் இருந்தது. விளக்கு எரிகிறது என்று நம்பி, டாக்டரே இல்லாத கிளினிக்கை இத்தனை மாதமாகச் சுற்றியிருக்கிறேன்! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண் ஓடி வந்து என் தோளைப் பிடித்தாள். அந்த நேரம் பார்த்து கதவு திறந்தது. ஹார்ட்வேர் கடைப் பெரியவர். அவருக்குப் பின்னால், ஈரக் கையோடு மாமாக் கடைக்காரர்.

"நான் சொன்னேன்ல தவுக்கே, அக்கா பாதியில திரும்பிட்டாங்கன்னு!"

ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்று அந்தப் பெண் கேட்டாள். வர நேரமாகும், ஆஸ்பத்திரி பக்கம்தான், என் வேன் வாசலில் நிற்கிறது என்றார் பெரியவர். இரண்டு பேருமாக என்னைத் தாங்கிக்கொண்டுபோய் வேனில் உட்கார வைத்தார்கள்.

"நீ என் கடையைப் பாத்துக்கடா."

"தவுக்கே, யாராச்சும் ஆணி கேட்டா என்ன சொல்றது?"

"நாளைக்கு வரச் சொல்லு லா!"

வேன் முழுக்கப் பைப்பும் பெயிண்ட் டின்னும். வளைவில் திரும்பும்போதெல்லாம் பின்னால் உருண்டு சத்தம் போட்டன. நான் அழுதுகொண்டே, "என் மக தனியா இருக்கா அங்கிள், அவளுக்கு யாருமே இல்ல," என்று திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"உன் மகளுக்கு நீ இருக்க. பேசாத. மெதுவா மூச்சு விடு," என்றார்.

அவசரப் பிரிவில் இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இதயத்தில் கோளாறு எதுவும் தெரியவில்லை, இது பயத்தினால் வந்த படபடப்பு என்றார் டாக்டர். உடனே வந்தது நல்லதுதான், இதை வெட்கமாக நினைக்காதீர்கள் என்றும் சொன்னார். படபடப்பு அடங்கியதும் அழுத்தம் பார்த்தார்கள். அரசாங்க கிளினிக்கில் முதலில் பார்த்ததைவிட நன்றாகவே இறங்கியிருந்தது. நடையை விடாதீர்கள், இந்தப் பயத்துக்கும் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்தால், பெரியவர் கடைச் செருப்போடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் போனிலிருந்தே மகளுக்குப் பேசினேன். பிறகுதான் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியது.

"அங்கிள், நான் கிளினிக்குள்ள விழுந்தது உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"நீ பின்சந்துக்குள்ள போனா என் கடைப் பக்கம் வரணும்ல? வரல. சந்துல போய்ப் பாத்தேன், இல்ல. மாமாக் கடைக்காரன்கிட்ட கேட்டேன், நீ பாதியில திரும்பி கிளினிக் பக்கம் போனதா சொன்னான்."

"தினமுமா பார்ப்பீங்க?"

"முதல்ல நீ போய்த் தொலைஞ்சியான்னு பாக்கத்தான் பாத்தேன் லா. வாளியை வெளிய வைக்கணுமே! அப்புறம் பழகிப்போச்சு. நீ வரலைன்னா ஒரு மாதிரி இருக்கும். முந்தி ஒரு நாள் நீ சந்துல நின்னு தண்ணி குடிச்ச, ஞாபகம் இருக்கா? நான் குப்பை போட வந்தேன். அது குப்பை இல்ல, காலி டப்பா. உன்னைத்தான் தேடி வந்தேன்."

யாரும் பார்க்காமல் விழுந்துவிடுவேனோ என்று பயந்துதானே அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தேன்? நான் நம்பின டாக்டர் அங்கே இல்லை. நான் எதிர்பார்க்காத இரண்டு பேர் ஒவ்வொரு சுற்றுக்கும் என்னைத் தேடியிருக்கிறார்கள். அண்ணனுக்குக் கிடைக்காதது எனக்குக் கேட்காமலே கிடைத்திருக்கிறது. அந்த நாற்காலிகளுக்கு நடுவில், தெரியாத சனங்கள் முன்னால், நான் அழுதேன். பெரியவர் செய்வதறியாமல், "சரி லா, சரி லா," என்று என் கைப்பையைத் தட்டிக்கொடுத்தார்.

வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். மகள் படியிறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, பிறகு அவர் காலைத் தொட்டாள். அவர் பதறிப்போய் வேனுக்குள் ஏறிவிட்டார்.

எழுதிக் கொடுத்தபடியே ஆலோசகரையும் போய்ப் பார்த்தேன். பயம் முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் இப்போது அது என்னை இழுத்துக்கொண்டு ஓடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மகளோடு பூங்காவுக்கே போகிறேன். மற்ற நாளில் அதே கடைவரிசைதான். வர முடியாத நாள் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

"நாளைக்கு மக ஸ்கூல்ல மீட்டிங் அங்கிள், வர மாட்டேன்."

"சரி, லீவு தரேன். சம்பளம் வெட்டிடுவேன்," என்பார்.

சர்க்கரை இறங்கியது, அழுத்தம் இறங்கியது, ரயில் நிலையப் படியில் இப்போது மூச்சு வாங்குவதில்லை. எல்லாம் நல்லதுதான். ஆனால் நாள் முழுக்க அடுப்படியில் நின்று கால் கெஞ்சுகிற சாயங்காலத்தில் என்னை நடக்க வைப்பது அது எதுவும் இல்லை. நான் வராவிட்டால் இரண்டு பேர் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து தேடுவார்கள். ஒருவரை நினைத்துக் கவலைப்படுவது எப்படிப்பட்ட வேதனை என்று எனக்குத் தெரியும், அதை அந்த நல்ல மனிதர்களுக்கு நான் கொடுக்கக் கூடாது.