நிற்காத சைரன்

பிள்ளைகளே, உங்கள் அம்மாவுக்கு லூபஸ் நோய் என்று சொன்ன டாக்டரம்மாவை நான் முதலில் நம்பவே இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்குமுன் விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பார். ரேகை ஜோசியமா பார்க்கிறார் என்றுகூடத் தோன்றியது. பிறகு எதிர்ப்புச் சக்தியைக் குறைக்க மாத்திரை எழுதினார். திருவொற்றியூரில் வாங்கிய கஷாய பாட்டிலை மேசைமேல் வைத்தேன்.

"இன்னாம்மா, ஊரே எதிர்ப்புச் சக்தி ஏறணும்னு இத்த குடிச்சிகினு கீது. நீங்க எறக்கச் சொல்றீங்களே?"

"உங்க எண்ணூர்ல கேஸ் கசிஞ்சு கம்பெனி சைரன் அடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"வூட்ட வுட்டுட்டு ஓடுவோம்."

"கிருமி வந்தா உடம்பு அடிக்கிற சைரன் இன்டர்ஃபெரான். இவங்களுக்குக் கிருமி இல்லாமலே அடிச்சிட்டிருக்கு. காவல் அணுக்கள் பதறிப்போய் சொந்த மூட்டுகளையே, கிட்னியையே தாக்குது. கஷாயம் குடிச்சா அதுங்களுக்கு இன்னும் வெறி ஏறலாம்."

"இன்னாத்துக்கு நிக்காம அடிக்குது?"

"அது எனக்கும் முழுசாத் தெரியாதுங்க."

கஷாயம் விற்றவனுக்கு எல்லாமே தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மாத்திரையைப் பிரித்து உங்கள் அம்மா கையில் வைத்தேன். இன்றும் டாக்டரம்மா இரத்த ஓட்டம் பார்க்க அந்த விரல்களை அழுத்தும்போதெல்லாம், நோய் கூடியிருப்பதை மறைக்கிறாரா என்று டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.