விபத்து நடக்காத கை

எழுபதுகளின் நடுவில் அவுஸ்திரேலியாவில், டண்டினொங்கில் ஒரு ஜாம் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பெல்ட்டில் வரிசையாக வரும் போத்தல்களுக்கு மூடி திருகவேண்டும். இரண்டாம் வருடம் வலது மணிக்கட்டு வீங்கியது. பிறகு விரல்கள் மரத்துப்போயின. மகளுக்குத் தலை பின்ன முடியவில்லை. கணவர்தான் கோணல்மாணலாகப் பின்னி அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்.

நட்டஈடு கேட்டேன். காப்புறுதிக் கம்பெனி அனுப்பிய டொக்டர் கையைத் தொட்டும் பார்க்கவில்லை.

“விபத்து எந்த நாள் நடந்தது?”

“ஒரு நாளில் நடந்ததல்ல. திருகித் திருகியே வந்தது.”

“அப்படியென்றால் விபத்து இல்லை.”

கூரையிலிருந்து விழுந்தவனையும் இயந்திரத்தில் கை போனவனையும் மனதில் வைத்து எழுதிய பழைய சட்டம். காப்புறுதிக்காரர் அதை அப்படித்தான் வாசித்தார்கள்.

கணவர் அலுத்துப்போனார். “நீர் ஏதாவது ஒரு நாளைச் சொல்லிவிடும். திங்கட்கிழமை அடிபட்டதெண்டு சொன்னா ஆர் பாக்கப்போயினம்?”

“அடிபடாத கையை அடிபட்டதெண்டு நான் ஏன் சொல்லோணும்? நோகிறது பொய்யோ?”

அவர் குசினிக்குள் போய்ச் சட்டி பானையை உருட்டத் தொடங்கினார்.

சட்டத்தைப் புதுப்பிக்க அரசாங்கம் ஒரு குழு அமைத்தது. தொழிலாளர்களும் வந்து பேசலாம் என்றார்கள். பெல்ட்டில் எனக்குப் பக்கத்தில் நின்ற கிரேக்கப் பெண்ணும் நானும் ரயிலேறி நகரத்துக்குப் போனோம். மூன்று பேர் இருந்தார்கள். நடுவிலிருந்தவர் மிக மரியாதையானவர். நான் எல்லாம் சொல்லி முடிக்கும்வரை தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, “சரி, விபத்து எப்போது நடந்தது?” என்றார்.

என் சிநேகிதி வாய்விட்டுச் சிரித்தாள். நான் வலது கையைத் தூக்கி மேசையில் வைத்தேன்.

“விபத்து ஒன்றும் நடக்கவில்லை ஐயா. வேலைதான் நடந்தது.”

அவர் அதை எழுதிக்கொண்டார். மிகவும் பயனுள்ள தகவல் என்று நன்றி சொன்னார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

இப்படி மெல்ல மெல்ல வரும் நோவையும் சேர்த்துச் சட்டம் மாற எத்தனையோ வருடங்கள் பிடித்தன. அதற்குள் நான் இடது கையால் சமைக்கப் பழகிவிட்டேன். ரெலிபோனில் விசாரித்தபோது, புதிய சட்டம் இனிமேல் காயப்படுகிறவர்களுக்குத்தான் என்றார்கள்.

சட்டம் மாறிய பிறகு, சிநேகிதியின் மருமகளும் அதே பெல்ட்டில் நின்றுதான் கையைக் கெடுத்துக்கொண்டாள். அவளுக்கு நட்டஈடு கிடைத்தது. செய்தி கேட்டுச் சந்தோஷப்பட்டேன், உண்மையாகவே. ஆனாலும் அன்றைக்கு முழுக்க வீட்டில் எல்லோர்மீதும் எரிந்து விழுந்தேன்.