யானை நனைந்த பக்கம்

சாரதாமணி டீச்சரின் நீளக் குறிப்பேட்டில் 2022 ஜூன் முதல் 2024 ஜூலை வரை நூற்றுப் பதினெட்டுப் பதிவுகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் தேதி, அன்று காட்டிய படக்கதையின் சுருக்கம், குழந்தையின் பெயர், அக்குழந்தை சொன்ன சொற்கள். திருத்தம் ஒன்றுகூட இல்லை. "கொச்சையா இருந்தாலும் அப்படியே எழுதிருவேனுங்க. நான் திருத்துனா அது என் வாக்கியமாப் போயிரும்" என்று விளக்கினார். ஆய்வுக்காக அந்தப் பள்ளியில் தங்கியிருந்த நாற்பது நாட்களில் அந்தக் குறிப்பேட்டை இருமுறை முழுதாகப் படித்தேன்.

ஆட்டையாம்பட்டிக்கு அருகே உள்ள ஈராசிரியர் தொடக்கப் பள்ளி அது. இருபத்து மூன்று குழந்தைகள். டீச்சரே தலைமையாசிரியர். ராசிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். வயது நாற்பத்து மூன்று. தினமும் அஸ்தம்பட்டியிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். வண்டியில் சாப்பாட்டுப் பைக்கு அடியில் எப்போதும் இரண்டு மூன்று படக்கதைப் புத்தகங்கள் இருக்கும். எல்லாவற்றிலும் எழுத்துகளின் மேல் வெள்ளைத்தாள் பட்டை ஒட்டியிருப்பார். எழுத்து தெரிந்தால் குழந்தைகள் படத்தைப் பார்ப்பதில்லை. கடைசி வரியைத் தேடி ஓடுகிறார்கள் என்பது அவர் கண்டறிந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. எந்தக் கதை முடிந்தாலும் வகுப்பே கைகட்டி, ஒரே ராகத்தில், "இக்கதையின் நீதி யாதெனில்" என்று தொடங்கிவிடும். டீச்சர் இரு காதுகளையும் பொத்திக்கொள்வார்.

"நீதி அப்புறம் சாமிகளா. கதையோட அடிமனசுல என்ன கெடக்குது? அதச் சொல்லுங்க."

"பசிங்க டீச்சர்" என்பான் மாதேஷ், எந்தக் கதைக்கும்.

"மணி பன்னண்டே கால். அது உன் அடிவயித்துல கெடக்குது."

வகுப்பே சிரிக்கும். நான்காம் வகுப்பு மோனிஷா அந்தச் சிரிப்பிலும் சேரமாட்டாள். ஈராண்டாக அவள் பெயரில் ஒரு பதிவும் இல்லை. 2024 ஜூலை 5 அன்றுதான் முதல் பதிவு வருகிறது. அன்றைய கதை ஒரு யானையைப் பற்றியது. எலியும் கோழியும் அணிலும் அதைத் தங்கள் வீட்டுக்கு அழைக்கின்றன. எந்த வீட்டுக்குள்ளும் அதனால் நுழைய முடியவில்லை. மழை கொட்டுகிறது. எல்லாம் ஓடிவந்து யானையின் வயிற்றுக்கு அடியில் ஒதுங்குகின்றன. கடைசிப் பக்கத்தில் வெயிலும் ஆட்டமும். வகுப்பு கைதட்டியது. மோனிஷா எழுந்து வந்து, புத்தகத்தை ஒரு பக்கம் பின்னுக்குத் திருப்பி, விரலை வைத்துச் சொன்னாள். குறிப்பேட்டில் உள்ளபடி:

"யானை மட்டும் நனையுதுங்க டீச்சர். அடியில நிக்கறவங்க யாரும் மேல பாக்கல. எங்கூட்லயும் ஃபேன் காத்து எங்களுக்குத்தான் வரும். அம்மா தறிக்கிட்ட வேர்த்துட்டு நிக்கும். எங்கப்பாகூடத் திரும்பிப் பாக்க மாட்டாரு."

டீச்சர் இதன் கீழே இரண்டு கோடுகள் இழுத்திருக்கிறார். வேறு எந்தப் பதிவிலும் கோடு இல்லை.

பதினொரு நாட்கள் கழித்து மோனிஷாவின் தந்தை குமரகுரு பள்ளிக்கு வந்தார். வீட்டை ஒட்டிய பட்டறையில் நான்கு விசைத்தறி ஓட்டுபவர். மகளின் தமிழ் நோட்டை மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க டீச்சர், பள்ளிக்கூடம் தொறந்து ஒரு மாசத்துக்கு மேலாச்சு. நாலு பக்கந்தான் எழுதியிருக்குது. பக்கத்து ஊட்டுப் பொண்ணு மெட்ரிக் ஸ்கூல் வேன்ல போகுது. முழு நோட்டும் ரொப்பி, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில டிக்கு. நான் எட்டாவதுங்க. புள்ளை என்ன படிக்குதுன்னு நோட்டைப் பாத்துத்தான எனக்குத் தெரியும்?"

"மோனிஷா இப்பத்தான் யோசிச்சுப் பேச ஆரம்பிச்சிருக்கறாளுங்க. நீங்களே கேளுங்களே."

டீச்சர் மோனிஷாவை அழைத்து யானைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார். "அன்னைக்குச் சொன்னியே சாமி, அப்பாவுக்கும் சொல்லு."

குழந்தை அந்தப் பக்கத்தைத் திறந்தது. அப்பாவைப் பார்த்தது. பிறகு புத்தகத்தை மூடி, மேசைமேல் வைத்து, கைகளைக் கட்டிக்கொண்டது.

"இக்கதையின் நீதி யாதெனில், பிறருக்கு உதவி செய்ய வேண்டும்."

குமரகுரு சிரித்தார். ஏளனமில்லை, சங்கடம். "இதை எங்கண்ணன் பையன் எல்.கே.ஜி.லயே சொல்றானுங்க. அதும் இங்கிலீசுல."

நீளக் குறிப்பேடு டீச்சரின் முழங்கைக்கு அடியில் இருந்தது. திறந்து நான்கு வரிகள் படித்தால் போதும். அவர் திறக்கவில்லை. "ஒரு மாசம் பாருங்களேன்" என்று மட்டும் கேட்டார்.

"வேனுக்குச் சொல்லியாச்சுங்க. உங்க மேல குறை ஒண்ணுமில்லீங்க."

ஏன் படிக்கவில்லை என்று பிறகு கேட்டேன். "படிச்சிருந்தா புள்ளை இங்கயே இருந்திருப்பா. ஆனா சாயங்காலம் அந்த ஊட்டுக்குத்தான போகணும்?" என்றார். பின் யானை நனைகிற அரை வரியை மட்டும் படித்திருக்கலாமோ என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். அன்று மாலைக்குள் மூன்று முறை கேட்டார்.

ஜூலை 18 அன்று மாற்றுச் சான்றிதழ் வாங்க மோனிஷாவின் தாய் தமிழ்ச்செல்வி வந்தார். தலைமுடியில் பஞ்சுத்தூசி. டீச்சர் அச்செடுத்த தாளைச் சரிபார்த்தார். நடத்தை என்ற கட்டத்தில் 'நன்று' என்று இருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் அங்கே அந்த ஒரு சொல்தான். கையொப்பமிட்டு முத்திரை வைத்தார்.

"நல்லாப் படிச்சாளுங்களா டீச்சர்? எங்கிட்ட ஒண்ணுஞ் சொல்ல மாட்டா."

"படிச்சாளுங்க. ஒரு நிமிசம் உக்காருங்க, ஒண்ணு காட்டறேன்."

டீச்சர் பீரோவைத் திறந்து குறிப்பேட்டை எடுத்துப் பக்கம் தேடினார். தமிழ்ச்செல்வி அதற்குள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "தறி ஓடிட்டிருக்குதுங்க. இன்னொரு நாளைக்கு வாரேனுங்க." டீச்சர் வாசல்வரை போனார். கூப்பிடவில்லை. சாலைத் திருப்பம்வரை பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுவாரம் இன்னும் இரண்டு பெற்றோர் நோட்டுகளுடன் வந்தார்கள். இனி பதிவேட்டில் இருபது பேராகலாம்.

அதற்கடுத்த திங்கட்கிழமை படக்கதைப் பாடவேளையில் டீச்சர் புத்தகம் எதையும் எடுக்கவில்லை. கரும்பலகையில் 'இக்கதையின் நீதி' என்று தலைப்பிட்டு ஆறு வரிகள் எழுதினார். மூன்று முறை எழுதச் சொன்னார். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு அமர்ந்தார். வகுப்பு குனிந்து எழுதியது. மாதேஷ் மட்டும் தலையைத் தூக்கினான்.

"டீச்சர், அடிமனசு கேக்கலைங்களா?"

"எழுது சாமி. மொதல்ல பக்கத்த ரொப்பு."