முருங்கைக்குள் விழுந்த ட்ரோன்

உம்மா விறாந்தையைக் கழுவ ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினா. அது எங்கும் நிற்காமல் முருங்கை மரத்துப் பக்கமாக ஓடியது. என் ட்ரோனும் இரண்டு நாளாக அந்தப் பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது. படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நான் சட்டென்று எழுந்து நின்றேன்.

அப்போது எட்டாம் ஆண்டு படித்தேன். கட்டாரில் வேலை செய்யும் என் அண்ணன், காக்கா, அனுப்பிய ட்ரோன் அது. பறக்கவிடும் முன் அதைச் சமமான இடத்தில் வைத்து, 'இதுதான் மட்டம்' என்று பழக்க வேண்டும். கலிபிரேஷன் என்பார்கள். நான் விறாந்தையில் வைத்து, மூக்கை முருங்கைப் பக்கம் திருப்பி, நான்கு தடவை பழக்கினேன். நான்கு தடவையும் அது எழும்பி, மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு, நேரே மரத்துக்குள் போய் விழுந்தது.

"மருமகள், உங்கட ஹெலிக்கு முருங்கக்கீரை நல்ல விருப்பம் போல," என்றார் உம்மாவின் கூடப்பிறந்த மாமா.

உம்மா சிரிக்கவில்லை. "இன்னொருக்கா முட்டினா மாமாட மகனுக்குக் குடுத்துடுவன். ஆம்புளப் புள்ளட கையிலயாவது ஒழுங்காப் பறக்கட்டும்."

அதுதான் எனக்குள் எரிந்தது. அவனுக்கு அதன் பற்றரியைக் கழற்றக்கூடத் தெரியாது.

பிழை விட்டது ட்ரோன் அல்ல, சரிந்து கிடந்த விறாந்தை நிலம். வாப்பாவின் விபத்துக்குப் பிறகு அதை உடைத்துத் திரும்பப் போட்டவர் மாமாதான். ஊரில் பேர்போன மேசன்.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் அவர் தன்னோடு வேலை செய்யும் இருவரையும் கூட்டி வந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய பையிலிருந்தே மட்டக்கோலை எடுத்து விறாந்தையில் வைத்தேன். கண்ணாடிக்குள் இருந்த குமிழி நடுவில் நிற்காமல் ஓர் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

"பாருங்க மாமா, நீங்க போட்ட நிலத்த. நேரா ஒரு நிலம் போடத் தெரியாது, என்ட ட்ரோனுக்கு நக்கலா?"

வந்தவர்களில் ஒருவர் இருமுவதுபோல் சிரித்தார். மாமா குமிழியைப் பார்த்தார்.

"ஓம் மருமகள், சரிவுதான்."

மிச்சத் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து போனார். உம்மாவின் கை என் முதுகில் விழுந்தது. உண்மையைச் சொன்னதற்கு அடி.

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். வாப்பா ஊன்றுகோலோடு வந்து, எப்போதும்போல் விறாந்தைக் கதிரையில் இருந்தபடியே தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவி ஒழு எடுத்தார். தண்ணீர் அவர் காலடியில், ஊன்றுகோல் வழுக்க ஒரு சொட்டும் தேங்காமல், முருங்கைப் பக்கம் ஓடியது. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், என் கணக்குக்கு இன்னொரு சாட்சி என்று நினைத்துக்கொண்டு.

மாமா மட்டக்கோலை எடுத்துப்போகவில்லை. அடுத்த நாளும் அவருக்கு வேலை இருந்தது. வெட்கத்தில் மறந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். விடிந்ததும் தையல் மெசின் மேசையின் காலுக்குக் கீழ் கொப்பி மட்டையை மடித்து வைத்து, குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, அதன்மேல் ட்ரோனை வைத்துப் பழக்க வேண்டும். பிறகு அதை மாமா வீட்டு வாசலுக்கே கொண்டுபோய், அவர் கண்முன்னால் அந்தரத்தில் அசையாமல் நிற்கவைக்க வேண்டும்.